வேணாம் மேடம்

கண்ணாடி விற்கச் சொல்லிக் கம்பெனி சம்பளம் கொடுத்து ஊர் ஊராக அனுப்பிய ஒருவர், போகிற இடமெல்லாம் "இவ்ளோ கண்ணாடி வேணாம்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தால் அவரை என்னவென்று கூப்பிடுவது? எங்கள் கடையில் 'வேணாம் மேடம்' என்று கூப்பிட்டோம். முதலில் கிண்டலுக்குத்தான். நாளடைவில் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் அவர் கொடுத்த விசிட்டிங் கார்டில் இருந்தது. எனக்கு அது நினைவிருக்கிறது என்றாலும் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கும் 'வேணாம்' என்பார்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எனக்குக் கண்ணாடிக் கடை. நானும் என் மனைவியின் தம்பியும் சேர்ந்து பார்த்துக்கொண்டோம். மச்சான் கண்ணாடி அறுப்பதில் கெட்டிக்காரன், நான் வாய் பேசுவதில் கெட்டிக்காரன். 2006 கோடையில் ஒரு நாள் அந்த அம்மாள் பஸ்ஸைவிட்டு இறங்கிக் கடைக்குள் நுழைந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். பருத்திப் புடவை, அதற்குக் கீழே கான்வாஸ் ஷூ. கையில் மாதிரித் துண்டுகள் அடுக்கிய கனமான பெட்டி. நாற்காலியை இழுத்துப் போட்டேன். பெட்டியை அதன்மேல் வைத்துவிட்டு அவர் நின்றுகொண்டார். டீயை இரண்டு மடக்கில் குடித்தார். பேசிக்கொண்டே கடையின் பின்பக்கம்வரை போய், அறுக்கிற மேசையைத் தடவிப் பார்த்து, வாசலுக்குத் திரும்பி, சிதம்பரம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். அவர் இருந்த இருபது நிமிஷத்தில் எனக்குத் தலை சுற்றிவிட்டது.

அந்த இருபது நிமிஷத்துக்குள்ளேயே என் வியாபாரத்தில் கை வைத்துவிட்டார். செம்மண்டலத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த பாலிடெக்னிக் வாத்தியார் ஒருவர் அப்போது கடையில் இருந்தார். ஹாலின் ஒரு பக்கச் சுவர் முழுவதும் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும் என்று ஆசையாக வந்திருந்தார். நான் அளவு எழுதிக்கொண்டிருந்தேன்.

"சார், அந்தச் செவரு எந்தப் பக்கம் பாக்குது?" என்றார் மேடம்.

"மேக்கால."

"ஒரு நிமிஷம் வெளிய வாங்க சார்."

வாத்தியாரை நடுவெயிலில் நிறுத்தி, முழங்கையை நீட்டச் சொல்லி, பெட்டியிலிருந்து ஒரு கறுப்புத் துண்டை எடுத்துக் கைக்குமேல் பிடித்தார். "எண்ணிக்கினே இருங்க சார்." வாத்தியார் எண்ண ஆரம்பித்தார். நாற்பதைத் தாண்டியபோது முகம் கோணியது. "கண்ணாடியே சுடுதேம்மா" என்று கையை இழுத்துக்கொண்டார். அதன்பிறகு மேடம் தன் குடையை விரித்து அவர் கைக்குமேல் பிடித்து, "இப்ப?" என்றார். அதற்கு எண்ணத் தேவையே இருக்கவில்லை.

"மொதல்ல நெழலு சார், அப்பறந்தான் கண்ணாடி. ரெண்டடிக்கு சன்ஷேடு போடுங்க. தொறக்குற மாதிரி ரெண்டு ஜன்னலு வைங்க. இவ்ளோ கண்ணாடி வேணாம்."

வாத்தியார் ரெண்டு ஜன்னலோடு போய்விட்டார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "மேடம், நீங்க எந்தக் கம்பெனிக்கு வேல செய்யறீங்க?" என்று கேட்டேன்.

"அவரு மேக்கு வெயில வீட்டுக்குள்ள உட்டுட்டு அப்பறம் ஏசிய வாங்கி மாட்டுவார்ணா. கரண்டு பில்லு வரும்போதெல்லாம் ஒங்களதான் திட்டுவாரு. கண்ணாடி காசுக்கு ஆசப்பட்டு எதுக்குண்ணா திட்டு வாங்கணும்?" என்றபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

அவர் வந்துபோனால் கடையில் எதையோ செய்யாமல் விட்டதுபோல எனக்கு இருப்புக்கொள்ளாது. மச்சானுக்கு அப்படி இல்லை. அவனுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அவன் அறுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து, ஒரு ஷீட்டில் எத்தனை துண்டு எப்படிப் போட்டால் மீதி விழாது என்று அவனோடு மல்லுக்கட்டுவார். கட்டுகிற வீட்டுக்கே போய், "அகலத்துல நாலு நூலு, அர இஞ்சி கொறச்சிக்கிட்டா ஒரு ஷீட்டு மிச்சம் மேஸ்திரி" என்று கொத்தனாரிடம் கெஞ்சுவார். இன்னும் ஜன்னல் வைக்காத சுவரை மதியத்துக்குமேல் புறங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பார். இன்ஜினியர்கள் அவரைக் கண்டால் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒதுங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

என் மகள் காதுகுத்துக்கு அவரைக் கூப்பிட்டது என் தப்பு. முதுநகரில் புதிதாகக் கட்டிய ஒரு மண்டபம். சுற்றிலும் கண்ணாடி, ஒன்றுகூடத் திறக்காது. கரண்டு போனது. ஜெனரேட்டர் ஏசியை இழுக்கவில்லை. குழந்தை வீறிட, ஆசாரி வியர்வையைத் துடைக்க, எல்லோரும் கையில் கிடைத்த பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தோம். மேடம் மட்டும் மண்டபம் முழுக்கச் சுற்றி ஒவ்வொரு கண்ணாடியாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு மேனேஜரை இழுத்துவந்து, "இத வரைஞ்ச ஆளு பேரச் சொல்லுங்க" என்று பிடித்துக்கொண்டார். என் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யாருப்பா அந்தப் பொண்ணு, சண்டை போடறதுக்கே வந்திருக்கு?" என்று கேட்டார். சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் மேடம் சாப்பிடக்கூட இல்லை என்பது பந்தி முடிந்த பிறகுதான் தெரிந்தது.

அவருடைய பெரிய ஆசை இதெல்லாம் இல்லை. எங்கள் கடைக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. அறுத்த மீதி, உடைந்தது, பழைய வீட்டில் கழற்றியது எல்லாவற்றையும் அங்கேதான் கொட்டுவோம். முனிசிபாலிட்டி வண்டி அதைத் தொடாது. எப்போதாவது வண்டி வைத்து ஏற்றி ஆற்றங்கரையில் தள்ளிவிடுவோம். ஒரு நாள் மேடம் அந்தச் சந்தில் நெடுநேரம் நின்றார்.

"ஒங்களுக்கு சரக்கு எறக்கிட்டு லாரி எப்படிண்ணா திரும்பிப் போவுது?"

"காலியாத்தான்."

"அதுல இத ஏத்தி அனுப்பினா? உடைஞ்ச கண்ணாடியப் போட்டா கம்பெனி ஒலை சீக்கிரம் உருக்கிடும்ணா. எரிக்கறது கம்மி. புதுசா மணலு தோண்டறதும் கம்மி."

இதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது. அடுத்த ஒரு வருஷம் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். கடைசியில் கம்பெனி ஒப்புக்கொண்டது. மூன்று லோடு வெள்ளோட்டம். மூன்றும் சுத்தமாக வந்து சேர்ந்தால் கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கடைகள் எல்லாவற்றிலும் காலி லாரி உடைசலை ஏற்றிக்கொள்ளும். ஒரு லோடு கெட்டாலும் அத்தோடு முடிந்தது. கடைகளில் முதல் கடையாக எங்கள் கடையைத்தான் அவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

2009இல் மூன்று டிரம் வந்தன. ஒன்றில் வெள்ளைக் கண்ணாடி, ஒன்றில் கலர், ஒன்றில் ரசம் பூசிய முகம் பார்க்கிற கண்ணாடி. ஒன்றோடு ஒன்று கலக்கக் கூடாது. கல், ஓடு, பீங்கான் எதுவும் விழவே கூடாது. அது உருகாது, புதுக் கண்ணாடிக்குள் கட்டியாக உட்கார்ந்துகொள்ளும், ஷீட் மொத்தமும் வீண் என்று படித்துப் படித்துச் சொன்னார். மச்சான் டிரம் ஒவ்வொன்றிலும் பெயிண்டால் எழுதி, மேலே பலகை போட்டு மூடினான். நிறைந்ததும் சாக்கில் கட்டி ஏற்றினோம். முதல் லோடு போனது, சுத்தம் என்று பதில் வந்தது. இரண்டாவது லோடும் அப்படியே. மேடம் பஸ்ஸைத் தவறவிட்டு நின்று எங்களோடு மூன்று டீ குடித்தது அன்றைக்குத்தான்.

மூன்றாவது லோடுக்குச் சாக்கு நிரப்பிக்கொண்டிருந்தபோது சிதம்பரம் லாட்ஜ் வந்தது. கீழ வீதிக்குப் பின்னால் ஒரு தெருவில், மேற்கு பார்த்த நாலு மாடிக் கட்டடம். முன்பக்கம் முழுவதும் முகம் தெரிகிற நீலக் கண்ணாடி வேண்டும் என்றார் லாட்ஜ்காரர். என் கடை ஆயுளில் அவ்வளவு பெரிய ஆர்டர் வந்ததில்லை. வீட்டில் சொல்லி, மாமியார் வீட்டில் சொல்லி, ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். மேடத்திடம் மட்டும் சொல்லவில்லை. ஆனால் சிதம்பரத்தில் ஒரு கண்ணாடி அவருக்குத் தெரியாமல் மாட்டிவிட முடியுமா?

நான் அளவெடுக்கப் போன அன்று அவர் அங்கே நின்றிருந்தார். பிற்பகல் மூன்று மணி. எதிர்வரிசை வீடுகளில் அந்நேரத்துக்கு நிழல் விழும். ஓர் அம்மா வாசலில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார். மேடம் பெட்டியிலிருந்து கையகல நீலக் கண்ணாடி ஒன்றை எடுத்து, வெயிலை வாங்கி அந்த அம்மாவின் முகத்துக்கு நேராகத் திருப்பினார். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு, "யாருடி அது? கண்ணு அவிஞ்சி போவுது!" என்று கத்தினார்.

மேடம் லாட்ஜ்காரரிடம் திரும்பினார். "இது கையகலம் சார். நீங்க நாலு மாடிக்குக் கேக்குறீங்க. தெனம் சாயங்காலம் இந்தத் தெருவுல யாரும் கதவு தொறக்க முடியாது."

லாட்ஜ்காரர் மோசமான ஆள் இல்லை. எதிர்வீட்டு அம்மா அவருக்கு ஏதோ ஒரு வகையில் பெரியம்மா முறை. யோசித்தார். ஒரு வாரம் கழித்துச் சன்ஷேடும் திறக்கிற ஜன்னலுமாகப் படத்தை மாற்றிவிட்டார். எனக்கு வந்தது ஜன்னல்களுக்கு மட்டும் வெள்ளைக் கண்ணாடி. அன்று பஸ் ஸ்டாண்டில் மேடத்தைப் பார்த்து, "ஒங்களுக்கு மாசமானா சம்பளம் வந்துடும். ஊருக்கு நல்லது பண்றது ஈசி" என்று சொன்னேன். அவர் பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் ஆயுத பூஜை. கடையைக் கழுவி, மேசைக்கும் வைரக்கத்திக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். மச்சான் டிரம்களுக்கும் வைத்தான். பலகைக்கு ஒன்றாக மூன்று அகல் விளக்கு ஏற்றினான். "அதுவும் நமக்குச் சோறு போடற சாமான்தான மாமா" என்றான். 

மறுநாள் விஜயதசமி. அன்றைக்கு முதல் கண்ணாடியை நான்தான் அறுப்பேன், அது எங்கள் கடை வழக்கம். மச்சான் இன்னும் வரவில்லை. லாட்ஜ் ஜன்னல் ஒன்றை அறுத்து, மீதித் துண்டுகளைப் போட வெள்ளை டிரம்மின் பலகையை நகர்த்தினேன். ராத்திரி பூனை தட்டிவிட்டதோ என்னவோ, பலகை ஏற்கெனவே சரிந்திருந்தது. உள்ளே கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவில் ஓர் அகல் விளக்கு உடைந்து கிடந்தது. சுட்ட மண். உருகாது. எடுக்க வேண்டும் என்றால் முழங்கைவரை சில்லுக்குள் விட வேண்டும். கையை நீட்டினேன். அந்த நீலக் கண்ணாடி நினைவுக்கு வந்தது. எவன் கேட்கப்போகிறான், ஒரு விளக்கு என்ன பண்ணிவிடும் என்று கையிலிருந்த துண்டுகளை அதன்மேல் கொட்டினேன். பலகையை நேராக வைத்து மூடினேன்.

ஒரு விளக்கு போதும் என்பதுதான் உண்மை. மூன்றாவது லோடு திரும்பி வந்துவிட்டது. மேடம் அதே லாரியில் வந்தார். சாக்குகளைச் சந்தில் இறக்கி, கையில் துணி சுற்றிக்கொண்டு, எல்லாவற்றையும் கொட்டிக் கிளறினார். எங்களைத் தொட விடவில்லை. வெயில் சாய்கிறவரை கிளறினார். கெட்ட சாக்கிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கோடு ஓட்டுத் துண்டுகளை எடுத்தபோது மச்சான் அழுதுவிட்டான்.

"நாந்தான் மேடம் விளக்கு வச்சேன். ரெண்டத்தான் எடுத்தேன். மூணாவத பூன தள்ளிட்டுச்சின்னு நெனச்சி உட்டுட்டேன். உள்ள பாக்கல மேடம்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். 'இல்லை, நான் பார்த்தேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. "பசங்க கவனிக்கல மேடம்" என்றேன். அவனுக்கு அப்போது முப்பது வயது. அவனைப் போய்ப் பசங்க என்றேன்.

மேடம் அந்தத் துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். "அழுவாதீங்க தம்பி. இந்த டிரம்முக்கு வெளக்கு வச்ச ஆளு நீங்க ஒருத்தருதான்" என்றார். என்னைப் பார்க்கவே இல்லை. ஆபீசுக்குத் தன் மேற்பார்வையில் தவறு என்று எழுதிக் கொடுத்ததாகப் பிறகு லாரிக்காரர் சொன்னார். வெள்ளோட்டம் நின்றது. அவரைக் கோயம்புத்தூர்ப் பக்கம் மாற்றினார்கள். அவர் இடத்துக்குப் புதிதாக வந்த ரெப் நாற்காலியில் நன்றாக உட்கார்ந்தார், எதற்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் வியாபாரம் பெருகியது. இரண்டு டிரம்மை வீடு கட்டுகிற நண்பனுக்குத் தண்ணீர் பிடிக்கக் கொடுத்தேன், ஒன்று எங்கோ போய்விட்டது. சந்தில் பழையபடி கொட்ட ஆரம்பித்தோம்.

2011 முடிகிற நேரத்தில் அடித்த புயலில் கடலூரில் கண்ணாடி உடையாத வீடு கிடையாது. கரண்டு இல்லை, டவர் இல்லை, ஆனால் என் கடை வாசலில் கூட்டம். ஊரெல்லாம் வாரிய சில்லு கெடிலம் ஆற்றங்கரையில் குவிந்து கிடந்தது. மாடுகள் அதில் கால் வைத்தன. வியாபாரம் அமோகம், எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. அந்த நாட்களில் நானும் மச்சானும் குட்டியானை வண்டியில் சரக்கேற்றிக்கொண்டு காடாம்புலியூருக்கு ஜன்னல் போடப் போனோம். வழி நெடுக முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஒரு தோப்பில் மரம் அறுக்கிற ஆட்களை விரட்டிக்கொண்டு நின்றவரைப் பார்த்ததும் மச்சான் பிரேக் போட்டான். மேடம்.

"என்னாண்ணா இந்தப் பக்கம்? தம்பி, நல்லா இருக்கீங்களா?"

"நீங்க கோயமுத்தூர்லன்னு..."

"வேலைய உட்டு ஏழெட்டு மாசம் ஆவுதுண்ணா. அம்மாவப் பாத்துக்க ஆளு இல்ல. அவுங்களுக்கு இருந்தது இந்தத் தோப்புதான். அதுவும் போச்சி." ஒரு கணம் மரங்களைப் பார்த்தார். அடுத்த மூச்சில், "கடலூர்ல உடைஞ்ச கண்ணாடிய என்னா பண்றாங்க?" என்றார்.

"ஆத்தங்கரையில கொட்றாங்க."

"அய்யோ, ஆத்துலயா?" என்றார். தோப்பு போனதைச் சொன்னபோதுகூட அந்தக் குரல் வரவில்லை.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "மேடம், அந்த வெளக்க நான் பாத்தேன். பாத்துட்டுதான் மேல கொட்டுனேன். லாட்ஜ் கோவத்துல" என்று சொல்லிவிட்டேன். மச்சான் என் பின்னால் நிற்கிறான் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

"தெரியும்ணா."

"எப்படி?"

"வெளக்கு எண்ணையில ஒரு சில்லு ஒட்டிக்கினு இருந்துச்சி. அதுல மார்க்கர்ல சி.லா.ன்னு போட்டு லாட்ஜ் ஜன்னல் அளவு இருந்துது. ஒங்க கையெழுத்து. விஜயதசமி அன்னைக்கி நீங்கதான அறுப்பீங்க?"

"அப்பவே என்னக் கேட்டிருக்கலாமே மேடம்."

"கேட்டா அசிங்கமாப் போயிடும். அந்தக் கோவத்துல டிரம்மத் தூக்கி வெளிய போட்டுடுவீங்க. லாரிதான் போச்சி, டிரம்மாவது இருக்கட்டும்னு உட்டுட்டேன்." நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தார். "இருக்குல்ல?"

"இருக்கு" என்றேன்.

 "அப்ப சரிண்ணா" என்று சொல்லிவிட்டு, அறுக்கிற ஆட்களை நோக்கிப் போய்விட்டார்.

ஜன்னல் போட்டு முடித்துத் திரும்பும்போது பண்ருட்டியைத் தாண்டினோம். மச்சான் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான். "ரெண்டு வருஷமா நாந்தான் அவுங்கள ஊரவுட்டுத் தொரத்திட்டேன்னு நெனச்சிக்கினு இருந்தேன் மாமா."

 "வண்டிய முதுநகருக்கு உடு மச்சான். அங்க பழைய டிரம் விக்கிறான்" என்றேன்.

அன்றைக்கே மூன்று வாங்கினோம். மறுநாளிலிருந்து கடையைத் திறக்கும் முன்னால் ஆற்றங்கரைக்குப் போய் வாரினோம். வெள்ளை தனி, கலர் தனி, ரசம் பூசியது தனி. கல்லும் ஓடும் பொறுக்கிப் பொறுக்கி விரலெல்லாம் வெட்டு. முதல் தடவை மூன்றும் நிரம்பிய அன்று கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். மூன்றாவது லோடு கெட்டதற்கு அந்த அம்மாள் காரணம் இல்லை, விளக்கைக் கண்டும் காணாததுபோல் மூடியவன் நான், திரும்பவும் லாரி அனுப்புங்கள், அவரையும் கூப்பிடுங்கள் என்று. மச்சான் வாங்கிப் படித்தான்.

"இத அனுப்பினா டீலர்ஷிப்ப புடுங்கிடுவாங்க மாமா."

"தெரியும்."

இன்னொரு தடவை படித்தான். "வெளக்கு வச்சது நானுன்னும் ஒரு வரி சேத்துக்க" என்று பேனாவை நீட்டினான்.

பதில் வரவில்லை. லாரி வழக்கம்போல் வந்தது, சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகவே போனது. டிரம்மும் சாக்கும் நிரம்பிவிட்டன, கரையில் இன்னும் பாதிக்குமேல் சில்லு கிடந்தது. மறுநாள் காலை நாலாவது டிரம் வாங்க முதுநகருக்குக் கிளம்பினோம்.